இடக்கைக்காரனுக்கு ஓர் அழைப்பு

ஏப்ரல் 3

காலைப் பிரஷர் 142. கீழே 84.

டொக்டர் இந்தக் கொப்பியைத் தந்து, ஒவ்வொரு நாளும் பிரஷரை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். ஒரு பக்கத்தில் இரண்டு இலக்கத்தை எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமையாக விட எனக்கு மனம் வரவில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்புவரைதான். ஆனால் அந்த ஐந்து வருடமும் உறுப்பெழுத்தில், அழகாய் எழுதுகிற பாடத்தில், நானே முதல். அது இந்தக் கனடாவில், ஸ்காபரோவில் ஒருவருக்கும் தெரியாது.

எழுத விஷயமும் இருக்கிறது. ஆரூரன் எனக்குப் போன் எடுத்தான். ஐயோவா என்ற இடத்து ரீமில், விளையாட்டு அணியில், அவன் பெயரைப் போட்டிருக்கிறார்களாம். ஆரூரன் என் மகள் வதனியின் ஒரே பிள்ளை. இருபத்தெட்டு வயது. அமெரிக்காவில் பேஸ்போல் விளையாடுகிறான். பந்து எறிகிறவன். ஆனால் முதலில் இறங்கி எறிகிறவன் அல்ல. முதலாமவன் களைத்தால், அல்லது நன்றாக அடி வாங்கினால், அவனை வெளியே எடுத்துவிட்டு இவனைக் கூப்பிடுவார்கள். அதுவரை மைதானத்தின் ஓரத்தில் கம்பிவேலி அடைத்த ஒரு மூலையில் இவனும் இன்னும் ஏழு பேரும் குந்தியிருப்பார்கள்.

"மேல் ரீமோ, கீழ் ரீமோ?" என்று கேட்டேன்.

"கீழ்தான் அம்மம்மா. ஆனா மேலுக்குப் போக ஒரு படிதான் கிடக்கு."

"போன வருஷமும் ஒரு படி எண்டுதானே சொன்னனீ?"

"அதே படிதான்," என்று சிரித்தான்.

ஏப்ரல் 11

138 / 82.

லிஃப்டுக்குள் திலகவதியைக் கண்டேன். ஒன்பதாம் மாடிக்காரி. அவளுடைய பேரன் துவாரகன் பல் டொக்டர். அவளைக் காணும் நேரமெல்லாம் அந்தப் பல்லையும் சேர்த்துத்தான் காண வேண்டும்.

"என்னக்கா, உங்கட பெடியன் இன்னும் பந்தோடதான் திரியிறானோ?"

"ஓம். இப்ப ஐயோவாக்காரர் கேட்டு எடுத்திருக்கினம்."

"எங்கட துவாரகன் ரெண்டாவது கிளினிக்கும் திறக்கிறான்."

"நல்ல விஷயம். ஊர்ச்சனத்துக்குப் பல்லுப் பழுதாப் போகவேணும் எண்டு நானும் கும்பிடுறன்."

ஏழாம் மாடியில் இறங்கிவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மே 9

145 / 88. முருங்கைக்காய் நல்லது வந்திருந்தது, நாலு வாங்கினேன்.

ஆரூரன் ஐயோவாவில் இல்லை. இப்போது டெனசி. "வேற ரீம் என்னைக் கேட்டு எடுத்திருக்கு அம்மம்மா," என்றான். பின்னேரம் வதனி வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது வேறு விதமாகச் சொன்னாள். ஐயோவாக்காரர் அவன் பெயரைத் தங்களுக்கு வேண்டாதவர்களின் பட்டியலில் போட்டார்களாம். அந்தப் பட்டியலை மற்ற ரீம்கள் பார்ப்பார்களாம். விருப்பமானவன் எடுக்கலாமாம்.

"அப்ப கேட்டது உண்மைதானே?" என்றேன்.

"உண்மைதான் அம்மா. ஆனா முதல்ல விட்டவை."

"விட்டதை விடு. கேட்டதைச் சொல்லு."

என் வீட்டுக்காரர் தபால் கந்தோரில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவர். பதினொரு இடமாற்றம். ஒவ்வொரு முறையும் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "அங்க ஆள் தேவையாம் பரிபூரணம், என்னைத்தான் கேட்கினமாம்," என்பார். நானும் பெட்டியைக் கட்டுவேன். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அதையே சொல்லுவேன். அவர் மேலதிகாரியோடு வாய் காட்டுகிறவர் என்பது எனக்குத் தெரியாது என்று அவர் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

மே 11

கோயிலில் நாலு பேரிடம் சொன்னேன், இரண்டு ரீம்கள் அவனுக்காக இழுபறிப்படுகின்றன என்று.

மே 24

டெனசி விலாசத்துக்குப் பார்சல் கட்டினேன். பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை, கறித்தூள் அரைக்கிலோ. கறித்தூளுக்கு மூன்று பை, ஒன்றுக்குள் ஒன்று. போஸ்ட் ஒபிஸ் பெண் இது என்ன மணம் என்று கேட்டாள். மருந்து என்றேன்.

ஜூன் 6

140 / 85.

மூன்றரைக்கு எடுத்தான், விளையாட்டுக்கு முன்னால். நான் இன்றைக்கு நேரே கேட்டுவிட்டேன். "தம்பி, உன்னை மேல எடுக்க உவைக்கு என்னதான் தடை?"

அவன் சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். இடது பக்கம் நின்று அடிக்கிறவர்களுக்கு இவனுடைய பந்து பிடிபடாதாம். வலது பக்கம் நின்று அடிக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியுமாம். முன்பென்றால் இடக்கைக்காரன் ஒருத்தன் அடிக்க வரும்போது இவனைப் போல ஒருவனைக் கூப்பிட்டு, அந்த ஒருத்தனுக்கு மட்டும் எறியவிட்டு அனுப்பிவிடுவார்கள். சில வருடங்களுக்கு முன் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். இப்போது உள்ளே வருகிறவன் மூன்று பேருக்காவது எறிய வேண்டும்.

"மூண்டு பேரில ஒருத்தனாவது வலக்கைக்காரனா இருப்பான், அம்மம்மா. அவன் அடிச்சுப் போடுவான்."

"அப்ப உன்னட்ட என்னதான் கிடக்கு?"

"இடக்கைதான். அதால மட்டும்தான் இவ்வளவு காலம் வைச்சிருக்கினம். வலக்கையால எறியிற ஆளா இருந்தா நான் எப்பவோ வீட்டை வந்திருப்பன்."

போனை வைத்த பிறகு வெங்காயம் உரித்தேன். அது தேவைக்கு அதிகமாக உரிந்துவிட்டது.

அவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது வதனிக்கு இரண்டு வேலை. நான்தான் வளர்த்தேன். சாப்பாட்டுக் கோப்பைக்குள் இடக்கையை வைப்பான். நான் லேஞ்சியால், அதுதான் கைக்குட்டையால், அந்தக் கையை அவன் இருந்த கதிரைக் காலோடு கட்டிவிட்டுத்தான் சோறு போடுவேன். பென்சிலுக்கும் அப்படித்தான். பாலர் வகுப்பு ரீச்சர் வதனியைக் கூப்பிட்டு, பிள்ளை ஏன் எழுத அழுகிறான் என்று கேட்டாள். எங்கள் ஆட்களில் ஒருவரும் இடக்கையால் சாப்பிட்டது கிடையாது என்று நான் சொன்னேன். இப்போது வலக்கையால் சாப்பிடுகிறான், வலக்கையால் எழுதுகிறான். பந்துக்கு எந்தக் கை என்று எங்களுக்கு ஒரு சட்டமும் இல்லை. அதனால்தான் அந்தக் கை தப்பியது.

இதை அவனோடு கதைக்கவில்லை. அவனுக்கு நினைவிருக்காது.

ஜூன் 19

பார்சல் திரும்பி வந்துவிட்டது. பெட்டியில் சிவப்பு முத்திரை. அது டெனசிக்குப் போய்ச் சேர முன்பே அவனை இன்னொரு ரீமுக்கு அனுப்பிவிட்டார்களாம். நெவாடா. வடை தூளாகிவிட்டது. நானும் வதனியும் தேத்தண்ணியோடு கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டோம்.

"மூண்டாவது ரீம்," என்றாள் வதனி.

"மூண்டு பேர் கேட்டிருக்கினம்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கரண்டியைக் கழுவினேன்.

ஜூலை 18

பிரஷர் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த மெஷின் வெடிக்கும்.

மேல் ரீமில் எடுத்துவிட்டார்கள்! காலை ஒன்பது மணிக்குப் போன் எடுத்தான். ஒருவனுக்குத் தோள்மூட்டு நோவாம், அவனுடைய இடத்துக்கு இவன். இன்றைக்கே விமானம். நாளைக்கும் நாளையண்டைக்கும் விளையாட்டு. ரீவியில் காட்டுவார்கள்.

"அம்மம்மா, அழாதேங்கோ."

"ஆர் அழுறது? வெங்காயம்."

வீட்டில் வெங்காயம் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. அதை அவனுக்குச் சொல்லவில்லை.

ஒன்பதாம் மாடிக்கு நானே படியேறிப் போனேன். லிஃப்ட் வரப் பொறுமை இல்லை. திலகவதி கதவைத் திறந்தாள். மூச்சு வாங்கியதால் கொஞ்ச நேரம் அவளுடைய கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவும் நல்லதாய்ப் போயிற்று. பெரிய செய்தியை மெல்லச் சொல்வதுதான் அழகு.

ஜூலை 19

வீடு நிறையச் சனம். திலகவதி, அவளுடைய மருமகள், கோயில் ஆட்கள் நாலு பேர். கடலை வடை சுட்டேன். விளையாட்டு ஒருவருக்கும் விளங்கவில்லை. வதனி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள்.

கம்பிவேலிக்குள் இருக்கிறவர்களை ஒரு தரம் காட்டினார்கள். அவன் மூன்றாவதாக இருந்தான். புதுத் தொப்பி. சூரியகாந்தி விதையைக் கடித்துக் கோதைத் துப்பினான். நாலு விநாடி. எல்லாரும் கை தட்டினார்கள். "துப்பிற விதத்திலேயே ஆள் பெரிய ஆள் எண்டு தெரியுது," என்றாள் திலகவதி. அவள் வாயிலிருந்து அது வந்ததற்காக இன்னும் இரண்டு வடை வைத்தேன்.

பிறகு ஆரூரனின் ரீமிலேயே செம்பட்டைத் தலைமுடிப் பெடியன் ஒருவன் எறிந்துகொண்டிருந்தான். அவனுக்கு இருபத்திரண்டு வயதுகூட இராது. ஒருவன் அடித்தான். அடுத்தவனும் அடித்தான். "உவன் இன்னும் ஒண்டு வாங்கினா எங்கட பெடியனைத்தான் கூப்பிடுவினம்," என்று வதனி எழுந்து நின்றாள். எல்லாரும் எழுந்தார்கள். "அடி, அடி," என்று நான் கத்தினேன். என்னுடைய குரல்தான் அது.

அப்போது பார்வையாளர் பக்கத்தைக் காட்டினார்கள். தலை நரைத்த ஒரு கிழவி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு விரல் இடுக்கால் பார்த்தாள். அந்தப் பெடியனின் சொந்த ஆள்தான். பார்த்தவுடனே தெரிந்தது.

நான் கதிரையில் குந்திவிட்டேன்.

செம்பட்டைப் பெடியன் தப்பிவிட்டான். ஆரூரனைக் கூப்பிடவில்லை. "நாளைக்கு இருக்குத்தானே," என்று சொல்லிவிட்டு எல்லாரும் போனார்கள். வடைச்சட்டி கழுவ ஒரு மணித்தியாலம் பிடித்தது.

ஜூலை 20

இன்றைக்கும் கூப்பிடவில்லை. அவன் ஒரு தரம் எழுந்து கையைச் சுழற்றினான். பிறகு இருந்துவிட்டான்.

ஜூலை 21

தோள்மூட்டுக்காரனுக்குச் சுகமாம். ஆரூரனை நெவாடாவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் ஒரு பந்துகூட எறியவில்லை.

ஜூலை 22

லிஃப்டுக்குள் திலகவதி ஒன்றும் கேட்கவில்லை. என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு ஏழாம் மாடிவரை பிடித்துக்கொண்டு வந்தாள். அதைவிட அவள் ஏதாவது குத்திக் கதைத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 7

151 / 90.

நெவாடாக்காரரும் விட்டுவிட்டார்கள். இந்த முறை பட்டியலைப் பார்த்து ஒருவரும் எடுக்கவில்லை. ஆரூரன் வதனிக்கு எடுத்துச் சொன்னான். எனக்கு எடுக்கவில்லை. நான் போனைப் பறித்தேன்.

"லீவில வாறன் அம்மம்மா," என்றான்.

"வா ராசா. லீவுதானே," என்றேன்.

ஆகஸ்ட் 10

வந்துவிட்டான். காரில் மூன்று நாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. தோள் மட்டும் முன்பைவிடப் பெரிது. இரண்டு பை, ஒரு கையுறை. ஆறு வருடத்துச் சாமான் அவ்வளவுதான்.

அவனுக்குச் சோறும் கணவாய்க் கறியும் வைத்தேன். கோப்பைக்கு முன்னால் இருந்து இடக்கையை என் பக்கம் நீட்டினான்.

"என்ன?"

"இண்டைக்குக் கட்டேல்லையோ? நீல லேஞ்சி."

நான் அப்பளம் எடுக்கக் குசினிக்குள் போனேன். அப்பளம் பொரித்திருக்கவில்லை. பொரிக்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது வலக்கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒன்றும் நடக்காததுபோல, கறி நல்லாயிருக்கு என்றான்.

ஆகஸ்ட் 13

136 / 80. இவ்வளவு குறைவாக இந்த வருடம் இல்லை.

காலையில் எழுந்தால் அவனுடைய அறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே ஆள் இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டு தேத்தண்ணி வைப்பது ஒரு தனி ருசி.

பின்னேரம் ஜன்னலால் பார்த்தேன். கார் நிறுத்துமிடத்தின் பின்சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 16

என் மகன் சிவபாலன் வந்தான். வீடுகளுக்கு மரத்தரை போடும் வேலை செய்விக்கிறவன். ஆறு பேர் அவனுக்குக் கீழ்.

"மருமோன், என்னோட வா. நாலு மாசத்தில உனக்குத் தனியா ஒரு வான் தாறன். ஆறு வருஷமா உன்னை ஆரும் கூப்பிடுவாங்களோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தது காணும்."

"யோசிச்சுச் சொல்லுறன் மாமா."

"உதில யோசிக்க என்ன கிடக்கு?"

"டேவ் ஏதும் எடுப்பாரோ எண்டு..."

டேவ் என்பவர் இவனுக்கு ரீம் பார்த்துக் கொடுக்கிற தரகர். எங்கள் கலியாணத் தரகர் மாதிரித்தான், ஆனால் வருடத்துக்கு மூன்று சம்பந்தம்.

"சரி, திங்கட்கிழமை ஒரு நாளைக்கு வந்து வேலையைப் பார்," என்றான் சிவபாலன். ஆரூரன் ஓம் என்றான். நான் இரண்டு பேருக்கும் கோப்பி ஊற்றினேன். சிவபாலனுக்கு ஒரு கரண்டி சீனி கூடப் போட்டேன். நல்லவன்.

ஆகஸ்ட் 18

காலை ஏழரைக்கு ஆரூரன் மாமனோடு வேலை பார்க்கப் போனான். போன் குசினி மேசையில் சார்ஜில் கிடந்தது. மறந்துவிட்டுப் போய்விட்டான்.

அது அடித்தது. டேவ் என்று எழுத்தில் வந்தது. அவ்வளவு இங்கிலிஷ் வாசிப்பேன். பச்சையைத் தள்ளினேன். நான் அம்மம்மா என்றேன். அந்த மனிதர் மெதுவாகக் கதைத்தார், நல்ல மனிதர். கலிபோர்னியா ரீமில் இடக்கைக்காரன் ஒருவனுக்குக் காயம். இன்றைக்கே ஆள் வேண்டும். ஆரூரனைக் கேட்கிறார்கள். மூன்று மணிக்குள் எனக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கள், மூன்று மணிக்குள், மிகவும் முக்கியம். ஓகே, தாங்க்யூ என்று சொல்லி வைத்தேன்.

பிறகு கத்தரிக்காய் வெட்டினேன். பால்கறிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்தேன். அறைகள் கூட்டினேன். ஆரூரனின் கட்டில் விரிப்பை மாற்றினேன். தலையணை உறையையும் மாற்றினேன். சாமி அறையில் விளக்குத் துடைத்தேன். சிவபாலனின் போன் நம்பர் எனக்குப் பாடம். வீட்டுப் போனும் வேலை செய்கிறது.

ஒரு மணிக்குச் சாப்பிட்டேன். போன் இன்னும் இரண்டு தரம் அடித்தது. கைகளில் சவர்க்காரம்.

மூன்று மணிக்குப் பிறகு அடிக்கவில்லை.

ஆறு மணிக்கு அவன் வந்தான். முழங்காலெல்லாம் மரத்தூள். முகத்தில் களைப்பு, ஆனால் சிரித்தான். "தம்பி, டேவ் எண்டவர் எடுத்தவர். இப்பதான், கொஞ்சத்துக்கு முதல். ஏதோ ரீமாம்," என்றேன்.

அவன் போனை எடுத்தான். பார்த்தான். கனநேரம் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. பிறகு "ஓம் அம்மம்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதைத்தான். வெளியே வரும்போது முகம் கழுவியிருந்தான்.

"ஆளை எடுத்திட்டினமாம். பரவாயில்லை."

இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஆகஸ்ட் 19

பிரஷர் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 20

பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 28

147 / 89.

ஆரூரன் ஒழுங்காக வேலைக்குப் போகிறான். ஆறு பத்துக்குச் சாவிச் சத்தம். நான் எதற்காகக் கும்பிட்டேனோ அது இதுதான். பிள்ளை வீட்டில் இருக்கிறான், வேளைக்குச் சாப்பிடுகிறான், நித்திரை கொள்கிறான். கார் நிறுத்துமிடத்துச் சுவரில் இப்போது எறிவதில்லை. அவன் போன வருடம் எனக்கு அனுப்பிய ரப்லெட் என்ற கையடக்கத் திரையில் எல்லாக் கீழ் ரீம்களின் விளையாட்டும் பார்க்கலாம். அவன் வர முன்பு கொஞ்ச நேரம் பார்ப்பேன். சும்மாதான்.

கலிபோர்னியாக்காரர் எடுத்த பெடியனின் பெயர் எமில்சன். டொமினிக்கன் நாடு. இடக்கை. ஒல்லி. எறிய முன்பு கழுத்துச் சங்கிலியை முத்தமிடுகிறான்.

செப்டம்பர் 1

எமில்சன் இன்றைக்கு மூன்று பேருக்கு எறிந்தான். இரண்டு பேரை வெளியே அனுப்பினான். மூன்றாமவன் வலக்கைக்காரன், அடித்துவிட்டான். அது ஒரு குற்றமில்லை.

செப்டம்பர் 5

152 / 92.

கிளினிக்கில் இருந்து யாரோ போன் எடுத்தார்கள், என்னால் நேரத்துக்குப் பதில் சொல்ல முடியவில்லை. வதனி என் போனை வாங்கி, "இஞ்ச பாருங்கோ அம்மா, எல்லாம் இதில கிடக்கு," என்று காட்டித்தந்தாள். யார் எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது, நாங்கள் கதைத்தோமா இல்லையா, கதைத்தால் எத்தனை நிமிடம். எல்லாம் வரிசையாக நிற்கிறது.

"எல்லாப் போனிலும் இப்படித்தானோ?"

"ஓம் அம்மா. எல்லாப் போனிலும்."

"பழசும் அழியாதோ?"

"அழியாது. ஏன்?"

சும்மா கேட்டேன் என்றேன். கதிரையில் இருந்தேன். அன்றைக்கு டேவ் எடுத்தது காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். நான் அப்போது மணிக்கூட்டைப் பார்த்தேன், அதனால் தெரியும். அந்த மனிதரோடு இரண்டு நிமிடமாவது கதைத்திருப்பேன். ஆறு மணிக்கு, மரத்தூளோடு, அவன் பார்த்துக்கொண்டு நின்றது அதைத்தான்.

பதினெட்டு நாளாக அவனுக்குத் தெரியும். அவன் வதனியிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 6

சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். அவன் அவசரமாகப் போய்விட்டான்.

செப்டம்பர் 7

ஞாயிறு. நாள் முழுக்க வீட்டில் நின்றான். மூன்று தரம் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று தரமும் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 9

கோயிலில் புதிதாக வந்த ஒரு பெண் கேட்டாள், உங்கள் பேரன்தானே பேஸ்போல் விளையாடுகிறவர் என்று. நான் வாயைத் திறக்க முன்பு திலகவதி சொன்னாள்: "ஓம். மேல் ரீமிலயே இருந்தவன். ரீவியில நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள்." அவளுடைய முகத்தில் ஒரு குத்தலும் இல்லை. நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தேன்.

செப்டம்பர் 13

இன்றைக்கு மரத்தரை ஒட்டும் பசை வராததால் வேலை வேளைக்கு முடிந்துவிட்டதாம். ஆரூரன் நாலரைக்கே வந்துவிட்டான். சாவிச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ரப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கலிபோர்னியா ரீமுக்கு இன்னும் ஒரு கிழமைதான் விளையாட்டு இருக்கிறது. எமில்சன் கம்பிவேலிக்குள் எழுந்து நின்று கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தான்.

"ஆரம்மம்மா, உவன்?"

ரப்லெட்டைக் கவிழ்த்தேன். அவன் வந்து பக்கத்தில் இருந்து, அதை நிமிர்த்தி வைத்தான்.

"இவன்தானே," என்றான். "எமில்சன்."

"உனக்குத் தெரியுமோ?"

"போன வருஷம் இவனுக்கு எதிரா விளையாடினனான். நல்ல பெடியன். உவனுக்கும் என்ர வருத்தம்தான், வலக்கைக்காரர் அடிப்பாங்கள்."

இப்போது சொல்லாவிட்டால் இனி இல்லை என்று தெரிந்தது. "தம்பி, அண்டைக்கு டேவ் எடுத்தது பின்னேரம் இல்லை."

"தெரியும்."

"காலமை பத்து மணிக்கு எடுத்தவர். நான் மாமாவுக்கு அடிச்சிருக்கலாம். நம்பர் பாடம். அடிக்கேல்லை. கத்தரிக்காய் வெட்டினனான்."

"தெரியும் அம்மம்மா. கறி நல்லாயிருந்தது."

"பகிடி விடாதை. என்னை ஏசு. ஏசினாத்தான் எனக்கு ஆறும்."

அவன் ரப்லெட்டின் ஓரத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தான். அந்த விரலில் இப்போது பசை காய்ந்து வெள்ளையாகத் தோல் உரிந்திருக்கிறது. பந்துக்காக நகத்தைக்கூட ராவி ராவி வைத்திருந்த விரல்.

"அண்டைக்கு நான் போனை மறந்துபோகேல்லை," என்றான்.

"என்ன?"

"விட்டிட்டுப் போனனான். சப்பாத்துப் போட்டாப் பிறகு திரும்பி வந்து மேசையில பாத்தனான். எடுக்கேல்லை. இண்டைக்கு ஒரு நாளைக்கு ஒருத்தரும் என்னைக் கூப்பிடவேண்டாம் எண்டு இருந்தது. அவ்வளவுதான்."

அது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. என் மனம் ஆறட்டும் என்று இப்போது உண்டாக்கிச் சொல்கிறானா? என் வீட்டுக்காரரும் இதே குரலில்தான், இதே மாதிரி வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான், பதினொரு தரம் சொன்னார். அவருடைய முகத்தை வாசிக்க எனக்கு இருபத்தாறு வருடம் இருந்தது. இவனோ ஆறு வருடம் போனுக்குள் இருந்த பிள்ளை. நான் பார்க்காத காலத்தில் வளர்ந்த முகம்.

"அப்ப உனக்கு விருப்பமில்லையோ, போக?" என்று கேட்டேன்.

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ரப்லெட்டில் சனம் கத்தியது. எறிந்துகொண்டிருந்தவனை வெளியே எடுத்துவிட்டார்கள். வேலிக் கதவு திறந்தது. எமில்சன் ஓடி வந்தான். புல்லின் மேல் தனியாக ஓடினான். நடுமேட்டில் ஏறிச் சப்பாத்தால் மண்ணைக் கிளறினான். சங்கிலியை முத்தமிட்டான்.

ஆரூரன் முன்னால் சரிந்து இருந்தான். அவனுடைய இடக்கை முழங்காலின் மேல் கிடந்தது. அதன் விரல்கள் மெல்ல மெல்ல, இல்லாத ஒரு பந்தின் தையலைத் தேடிப் பிடித்தன.

நான் கேட்டதைத் திரும்பக் கேட்கவில்லை.

எமில்சன் கையைத் தூக்கினான். என் பக்கத்தில் இருந்தவன் மூச்சை நிறுத்தினான். நானும் நிறுத்தினேன்.